ரெண்டா, மூணா?

ஜனவரி 27, செவ்வாய்

புற்றுநோய் வார்டில் வேலை செய்யும் நர்ஸ்களுக்கு மன அழுத்தம் அதிகம் என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால் இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்களை உட்கார வைத்து ஒரு வகுப்பு. சாப்பாடு போனதுதான் மிச்சம். வகுப்பெடுத்த பெண் நல்லவள். தினமும் பத்து நிமிடம் மனதில் இருப்பதை எழுதுங்கள், பாரம் இறங்கும் என்றாள். அந்தப் பத்து நிமிடத்தை எந்தக் கடையில் வாங்குவது என்று பிரமிளா கேட்டாள். எல்லோரும் சிரித்தோம், அந்தப் பெண்ணும் சேர்ந்து.

ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன். மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வாந்தி மாத்திரை விளம்பரம்.

நான் ரூபாவதி. வயது முப்பத்தெட்டு. ஈரோட்டில் ஒரு கேன்சர் ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி, பதினோரு வருடம். இருபத்து நாலு படுக்கைக்கு ஒரு ஷிஃப்டில் இரண்டு நர்ஸ், நானும் பிரமிளாவும். இதையெல்லாம் எனக்கே நான் சொல்லிக்கொள்வது வேடிக்கையாக இருக்கிறது. அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள்.

நாளைக்குத் தண்ணீர் வரும் நாள். குடங்களைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று.

ஜனவரி 29, வியாழன்

காய்ச்சல், நாடித்துடிப்பு மாதிரி வலியையும் நாங்கள் ஒரு நாளைக்கு நான்கு தடவை சார்ட்டில் எழுத வேண்டும். பூஜ்யம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் தாங்கவே முடியாது. நோயாளி சொல்லும் எண்ணைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. நாலுக்கு மேல் போனால் அரை மணி நேரத்துக்குள் டாக்டரைக் கூப்பிட வேண்டும். மார்ஃபின் அலமாரியைத் திறக்க இரண்டு சாவி, இரண்டு கையெழுத்து. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கேட்டு எழுத வேண்டும். ஏன் நாலைத் தாண்டியது என்று தனித்தாளில் விளக்கமும் கொடுக்க வேண்டும். நல்ல விதிதான், ஆறு நர்ஸ் இருந்தால்.

இருப்பது இரண்டு பேர் என்பதால் எங்கள் வார்டில் கேட்பதற்கென்று ஒரு விதம் உண்டு. “வலி எவ்வளவு?” என்று கேட்க மாட்டோம். “ரெண்டா, மூணா?” என்று கேட்போம். நோயாளிகள் பெரும்பாலும் மரியாதை தெரிந்தவர்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. நான் சேரும்போதே இருந்தது.

இன்சார்ஜ் சாவித்திரி மேடம் இன்று எல்லோரையும் கூப்பிட்டார். அடுத்த மாதம் தரச்சான்று கொடுக்கும் குழு வருகிறதாம். “வலியில்லா வார்டு”க்கு ஒரு கேடயம் உண்டாம். வார்டின் சராசரி எண் மூன்றுக்குக் கீழே இருக்க வேண்டும். கிடைத்தால் ஷிஃப்டுக்கு மூன்றாவது நர்ஸ் தருவதாக நிர்வாகம் வாக்குக் கொடுத்திருக்கிறது.

மூன்றாவது நர்ஸ். பதினோரு வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஜனவரி 31, சனி

ஏழாம் படுக்கைக்குப் புதிதாக ஒருவர். சென்னியப்பன், அறுபத்து மூன்று வயது, டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புராஸ்டேட்டில் ஆரம்பித்து எலும்புக்குப் போய்விட்டது. இடுப்பு எலும்புக்கு மூன்று வாரம் ரேடியேஷன் கொடுக்க அட்மிஷன். மனைவி இல்லை. மகள் கோகிலா அந்தியூரில் டெய்லர் கடை வைத்திருக்கிறார். தினமும் சாயங்காலம் இரண்டு பஸ் மாறி வந்து போகிறார்.

சாயங்காலம் நான்கு மணிக்கு மனிதர் எழுந்து சட்டையை இன் பண்ணிக்கொண்டு வராந்தாவில் நடக்க ஆரம்பித்தார். அவருடைய அறை வாசல்தான் பஸ் ஸ்டாண்டாம். துணி அலமாரி ஜி.ஹெச். எங்கள் மேஜை பார்க். லிஃப்ட் காளைமாட்டு சிலை. கடைசி ஜன்னல் ரயில்வே ஸ்டேஷன். ஒவ்வொன்றும் வரும்போது ஸ்டாப் பெயரைச் சொல்லிக்கொண்டு போகிறார். பிரமிளா எதிரே ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வந்தால், “அம்மணி, ஓரமா வாங், பின்னாடி வண்டி வருது” என்கிறார். எட்டு ட்ரிப் அடித்தார்.

உட்கார்ந்து ஓய்வெடுங்கள் ஐயா என்றேன்.

“முப்பத்தொரு வருசம் நின்னுக்கிட்டே பொழச்சவன் கண்ணு. காலு இருக்கற வரைக்கும் யாருக்கும் பாரமில்ல. உக்காந்துட்டா என்ற புள்ளதான் தூக்கிச் சொமக்கோணும். அவளுக்கே ரெண்டு புள்ளைங்க.”

பிப்ரவரி 2, திங்கள்

சென்னியப்பனிடம் வலி எண் கேட்டேன். வழக்கம்போல, “ரெண்டா, மூணா?”

அவர் சிரித்தார். “ஏனுங் சிஸ்டர், சீட்டுல உக்காந்திருக்கறத மட்டும் எழுதோணுமா, நின்னுட்டு வர்றதையும் சேத்தோணுமா?”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நின்னுட்டு வர்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன்.

“அப்பிடின்னா ஆறுங். இடுப்பு பழைய நோவு, அது கெடக்குது. இது நடு முதுவு. படுத்தா ஜாஸ்தியாவுது. உக்காந்தா சித்தத் தேவல.”

சார்ட்டில் 3. நிஜத்தில் 6. இங்கே மட்டும் நிஜ எண்ணை எழுதி வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். பாரம் இறங்குகிறதா பார்க்கலாம்.

எங்கள் ஓய்வறைச் சுவரில் ஒரு போஸ்டர் உண்டு. எலும்புக்குப் பரவிய நோயாளிக்குப் புதிதாக முதுகு வலி வந்தால் கால்களைப் பற்றிக் கேள். கால் கனக்கிறதா, மரக்கிறதா, சிறுநீர் போகச் சிரமமா. ஒன்று இருந்தாலும் அன்றே ஸ்கேன். தண்டுவடம் நசுங்கினால் போன கால் திரும்பாது. அதன் மேல் யாரோ காலண்டரை மாட்டிவிட்டார்கள். போஸ்டரின் கீழ்ப்பாதி மட்டும்தான் தெரிகிறது.

கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். எட்டு ட்ரிப் அடிக்கிறவனைக் கேட்கிற கேள்வியா என்றார். சரிதான்.

பிப்ரவரி 4, புதன்

பள்ளிக்கூடம் விட்டு வந்த யாழினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே “ரெண்டா, மூணா?” என்று கேட்டேன். “என்னம்மா ரெண்டு மூணு? ஒம்பது” என்று கத்தினாள். மாதாமாதம் வருகிற வலிதான். வெந்நீர்ப் பை கொடுத்தேன். என் மகளிடம் எதற்கு அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

இன்று விதிப்படி நடந்தேன். என்ன நடந்தது என்று முழுதாக எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு சென்னியப்பன் முகம் வெளுத்திருந்தது. எண் எவ்வளவு என்று ஒழுங்காகக் கேட்டேன். ஏழு என்றார். ஏழு என்றே எழுதினேன். டாக்டர் கதிரவனுக்குப் போன் செய்தேன். அவர் ஓ.பி.யில் இருந்தார், மருந்தை மட்டும் போனில் சொன்னார். பிரமிளா ரத்தம் வாங்கக் கீழே போயிருந்தாள். சாவித்திரி மேடம் மீட்டிங்கில் இருந்தார். சாவிக்காக இரண்டு மாடி இறங்கி ஏறினேன். ஊசி போட்டு முடிக்க நாற்பது நிமிடம் ஆனது.

அந்த நாற்பது நிமிடத்தில் பத்தொன்பதாம் படுக்கை அம்மாவுக்கு ஓடிக்கொண்டிருந்த கீமோ மருந்து நரம்பை விட்டு வெளியே இறங்கிவிட்டது. யாரும் பார்க்கவில்லை. அந்த அம்மா பெல் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் போனபோது கை முழங்கை வரை சிவந்து வீங்கியிருந்தது. நாளைக்குக் கொப்புளம் கிளம்பும். அதற்கப்புறம் தோல் போகும்.

சாவித்திரி மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் பக்கத்தில் உட்கார்ந்து, “நீ ஒருத்தருக்கு நல்லது பண்ணப் போய் இன்னொருத்தர் கை போச்சு ரூபா. மூணாவது ஆள் வரட்டும். அதுவரைக்கும் கேக்கற மாதிரி கேளு” என்றார். அவர் காலும் வீங்கியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு விளக்கத்தாள் எழுதினேன்.

சென்னியப்பன் படுக்கையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 9, திங்கள்

நான் கேட்பதற்குள் சென்னியப்பனே, “ரெண்டுங் சிஸ்டர்” என்றார். நேற்றும் அப்படித்தான். பிரமிளாவிடமும் அப்படித்தானாம். உட்கார்ந்தபடியே தூங்குகிறார். முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணை.

நிஜத்தைச் சொல்லுங்கள் என்று மெதுவாகக் கேட்டேன்.

“உனக்கு மட்டும் சொல்றன். ஏழு. எழுதாத கண்ணு. அந்தப் பத்தொம்பதாம் நம்பர் அம்மா கையப் பாத்துட்டு எனக்குச் சோறு எறங்கல. என்னால அப்பிடி ஆச்சு.”

உங்களால் இல்லை என்றேன்.

சார்ட்டில் 2. நிஜத்தில் 7. ஐந்து ட்ரிப்.

பிப்ரவரி 11, புதன்

வெள்ளை ஷூவுக்கு பாலிஷ். சான்றுக் குழு பதினேழாம் தேதி என்று முடிவாகிவிட்டது. வராந்தாவுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். வார்டின் சராசரி இப்போது 2.4. சாவித்திரி மேடம் அதைப் பலகையில் சாக்பீஸால் பெரிதாக எழுதி, பக்கத்தில் ஒரு பூப் போட்டிருக்கிறார்.

சென்னியப்பன் இன்று இரண்டு ட்ரிப். பார்க்கோடு திரும்பிவிட்டார். கேட்டால், வண்டியில் டீசல் இல்லை என்கிறார். ரேடியேஷன் அசதியாக இருக்கும்.

பிப்ரவரி 13, வெள்ளி

சென்னியப்பனுக்கு வயிற்றைச் சுற்றி யாரோ பெல்ட்டை இறுக்கிக் கட்டின மாதிரி இருக்கிறதாம். நடந்தால் மெத்தையில் நடப்பது போல இருக்கிறதாம். இதை வலி என்று அவர் சொல்லவில்லை, வேடிக்கையாகச் சொன்னார்.

டாக்டர் கதிரவன் ரவுண்ட்ஸ் வந்தபோது, “சார், முதுகு வலி கொஞ்சம் ஜாஸ்தி மாதிரி இருக்கு” என்றேன்.

அவர் சார்ட்டைப் புரட்டினார். விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே போனார். “ரெண்டு. ரெண்டு. மூணு. ரெண்டு. எங்க ஜாஸ்தி?” என்று கேட்டார். கோபமாக இல்லை, நிஜமாகவே தேடினார். பாதி கட்டங்களில் இருந்தது என் கையெழுத்து.

சென்னியப்பன் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். டாக்டர் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். மொத்தம் ஒன்றரை நிமிடம் இருக்கும்.

வீட்டுக்கு வந்து மிக்ஸியின் உடைந்த மூடியை ஒட்டினேன். ஒட்டவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை. மாவு அரைத்தேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

வந்தார்கள், பார்த்தார்கள், எல்லாம் நன்றாக நடந்தது.

குழுவில் மூன்று பேர். அதில் ஒரு அம்மா ரொம்பக் கனிவானவர். ஏழாம் படுக்கைக்குப் போய், “வலி எப்படிங்க இருக்கு? நர்ஸுங்க கேக்கறாங்களா?” என்று விசாரித்தார். சென்னியப்பன் இஸ்திரி போட்ட சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காலையில் கோகிலாவை வரச்சொல்லி அந்தச் சட்டையை வாங்கியிருக்கிறார்.

“ரெண்டுங். ஒரு நாளைக்கு நாலு தடவ கேக்கறாங்க. என்ற புள்ள கூட இத்தன தடவ கேக்கமாட்டா” என்றார். அந்த அம்மா சிரித்து எழுதிக்கொண்டார். சாவித்திரி மேடத்தின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

போர்வைக்கு வெளியே அவருடைய வலது கை தெரிந்தது. கட்டில் கம்பியை அந்தக் கை பிடித்திருந்த பிடியை நான் பார்த்தேன். வேறு யாரும் அந்தப் பக்கம் நிற்கவில்லை.

இன்று நடக்கவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

பிப்ரவரி 18, புதன்

காலை ஏழு மணி ஷிஃப்ட். நான் பையை வைத்துவிட்டு மேஜையில் சார்ட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஏழே கால் இருக்கும். வராந்தாவில் ஏதோ விழுந்த சத்தம். குளுக்கோஸ் ஸ்டாண்ட் என்று நினைத்தேன்.

சென்னியப்பன் மேஜைக்கு இரண்டடி முன்னால் தரையில் கிடந்தார். புதுப் பெயின்ட் அடித்த சுவரில் அவர் கை இழுத்துக்கொண்டு வந்த தடம் நீளமாக இருந்தது. கால் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. அவற்றை அவரால் பிரித்து வைக்க முடியவில்லை. நான்தான் பிரித்து வைத்தேன்.

வலிக்கிறதா என்று கேட்டேன். இடுப்புக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

சாயங்காலம் நடப்பவர் காலையில் எதற்கு எழுந்து நடந்தார் என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் அவர்களோடு நின்று கேட்டேன்.

பிப்ரவரி 19, வியாழன்

ஸ்கேன் வந்துவிட்டது. முதுகெலும்பு நடுவில் இடிந்து தண்டுவடத்தை நசுக்கியிருக்கிறது. ஸ்டீராய்டு ஊசி ஆரம்பித்தாயிற்று. முதுகுக்கு அவசர ரேடியேஷன் கொடுக்கிறார்கள். ஆப்பரேஷன் தாங்க மாட்டார் என்கிறார்கள்.

கோகிலாவை உட்கார வைத்து டாக்டர் சொன்னார். படுக்கைக்குப் பக்கத்திலேயே சொன்னார். நான் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நடந்துட்டு இருக்கும்போதே கண்டுபிடிச்சிருந்தா நடந்துட்டே இருந்திருப்பார்ம்மா. இவ்வளவு ஆகறதுக்கு ரெண்டு வாரமாவது கடுமையான வலி இருந்திருக்கணும். ஆனா தினம் நாலு தடவை கேட்டிருக்காங்க, ஒரே ஒரு நாள் தவிர ரெண்டு, மூணுன்னே சொல்லிருக்கார். சில பேரு இப்படித்தான், தாங்கிக்குவாங்க, சொல்ல மாட்டாங்க.”

கோகிலா அப்பாவின் பக்கம் திரும்பினார். “ஏனுங்ப்பா, எதுக்குச் சொல்லாம மறைச்சீங்? நான் தெனம் வந்து இங்கதான உக்காந்திருந்தேன். எங்கிட்டயாவது சொல்லிருக்கலாமல்லங்.”

சென்னியப்பன் என்னைப் பார்க்கவில்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு தடவைகூட என் பக்கம் கண்ணைத் திருப்பாமல், “சொல்லோணும்னு தோணலம்மிணி. தப்புத்தான்” என்றார்.

நான் ரத்த அழுத்தத்தை எழுதினேன். 130/80.

பிப்ரவரி 21, சனி

கேடயம் வந்துவிட்டது. ஓய்வறையில் காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியிலேயே மாட்டினார்கள். பெரிய கேடயம். போஸ்டர் முழுதாக மறைந்துவிட்டது.

கோகிலா வருகிறார். சிறுநீர்ப் பையை மாற்றக் கற்றுக்கொண்டார். உடம்பைப் புரட்டக் கற்றுக்கொண்டார். எல்லாம் செய்கிறார், அப்பாவோடு மட்டும் பேசுவதில்லை. ஸ்பூனை வாய்க்குக் கொண்டு போகிறார், அவர் வாயைத் திறக்கிறார், இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்க்கிறார்கள். இன்று என்னிடம் சொன்னார்: “தாங்கிக்கறாராமா, தாங்கி. இப்ப யாருங்க்கா தாங்கறது? என்னைய வேத்தாளாட்ட நெனச்சுட்டாரு. அதான் எனக்கு ஆறல.”

மூன்றாவது நர்ஸ் ஏப்ரலுக்கு மேல்தானாம். பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

பிப்ரவரி 23, திங்கள்

சென்னியப்பனுடைய ஃபைலை மேலிடம் கேட்டிருக்கிறது. இப்படி ஏதாவது ஆனால் கேட்பது வழக்கம். சாவித்திரி மேடம் முழு சார்ட்டையும் உட்கார்ந்து பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“எல்லாம் ஒழுங்கா இருக்கு. ஒரே ஒரு கட்டம் காலி. பதினாறாம் தேதி சாயங்காலம் ஆறு மணி. உன் ஷிஃப்ட் ரூபா.”

பேனாவை மூடி கழற்றியே நீட்டினார். அவரும் இருபத்தாறு வருடம் நர்ஸ். ரொம்ப நல்ல நர்ஸ்.

“ரெண்டா, மூணா?” என்றார்.

எழுதிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

தண்ணீர் வந்தது. இரண்டு குடம் பிடிக்காமல் விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 25, புதன்

கோகிலா கேன்டீனுக்குப் போயிருந்த நேரத்தில் சென்னியப்பனிடம் போய் நின்றேன். உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்றேன்.

“விடு கண்ணு. உனக்கும் ஒரு புள்ள இருக்குது. வேல போனா என்ன பண்ணுவ? என்ற காலு போனது போனதுதான்.”

“உங்க கூடப் பேச மாட்டேங்கறாங்களேங்ய்யா.”

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். காலைத் திருப்ப முடியாததால் கழுத்தை மட்டும்தான் திருப்ப முடிந்தது. அழுகிறார் என்று தெரிந்தது. தாங்கிக்கொள்கிற மனிதர் என்று எல்லோரும் சொன்னவர். மகள் பேசாததை அவரால் தாங்க முடியவில்லை.

இன்று எண் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

பிப்ரவரி 26, வியாழன்

கோகிலா,

இந்த டைரியை இன்று சாயங்காலம் உங்கள் கையில் கொடுக்கப் போகிறேன். தண்ணீர், மாவு என்று நடுவில் ஏதேதோ இருக்கும். அதையெல்லாம் தள்ளிவிட்டுப் படியுங்கள். உங்கள் அப்பாவுக்கு ஆஸ்பத்திரி சார்ட்டில் ஒரு எண் இருக்கிறது, இதில் ஒரு எண் இருக்கிறது. இதில் இருப்பதுதான் அவர் வாயால் சொன்னது. பிரமிளாவைத் தயவுசெய்து இதில் இழுக்காதீர்கள். அவளிடம் அவர் எப்போதும் இரண்டு என்றுதான் சொன்னார். என்னிடம்தான் நிஜத்தைச் சொன்னார். இதைக் கொடுத்தால் எனக்கு என்ன ஆகும் என்று தெரியும். அதை எங்கள் வீட்டில் காலையிலேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

சார்ட்டில் பதினாறாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு “2” என்று இருக்கும். அதை நான் இருபத்து மூன்றாம் தேதி எழுதினேன். அது பொய். இந்த டைரியில் அதே தேதியில் எழுத ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். அதுவும் பொய். அன்று நடந்தது இதுதான்.

நீங்கள் பஸ்ஸைப் பிடிக்க அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தீர்கள். நான் சார்ட்டோடு போனேன். பழக்கத்தில், “ரெண்டா, மூணா?” என்று கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

“எட்டு கண்ணு. இன்னிக்கு மாத்திச் சொல்ல முடியல. தொப்புளுக்குக் கீழ மரத்துட்டு வருது. காலு என்றதுதானான்னு தடவித் தடவிப் பாத்துக்கறேன். ஒண்ணுக்குப் போறக்குங்கூட முக்கோணும். இது வேற என்னமோன்னு தோணுது. எழுதிக்க கண்ணு, டாக்டரக் கூப்புடு.”

எனக்குப் புரிந்தது கோகிலா. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. ஓய்வறைப் போஸ்டரில் இருந்த ஒவ்வொரு வரியையும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்குக் கால் இருந்தது. பிடித்துக்கொண்டு நிற்க முடிந்தது. நான் எட்டு என்று எழுதியிருந்தால் அன்றே ஸ்கேன் எடுத்திருப்பார்கள். பத்தொன்பதாம் படுக்கை அம்மாவின் கை கண்முன் வந்தது. பலகையில் இருந்த 2.4 வந்தது. மூன்றாவது நர்ஸ் வந்தது. நான் சொன்னது இவ்வளவுதான்:

“ஐயா, நாளைக்கு செக்கிங் வருதுங்.”

அவர் என்னைக் கோபிக்கவில்லை. கண்டக்டராக இருந்தவர் அல்லவா, அந்த வார்த்தை அவருக்கு உடனே விளங்கிவிட்டது. என் கையிலிருந்த சார்ட்டைப் பார்த்தார், என் ஷூவைப் பார்த்தார். பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்:

“செக்கிங் ஏறுதா? செரி, நீ பயப்படாத. செக்கிங் எறங்கட்டும். நாளான்னிக்குக் காத்தால நீ ட்யூட்டிக்கு வந்ததும் மொதல்ல நானே வந்து சொல்லிக்கறேன். அப்ப எழுதிக்க.”

நான் சரி என்றேன். அந்தக் கட்டத்தில் எண் போடக் கை வரவில்லை, காலியாக விட்டுவிட்டு வந்தேன். பொய் எழுதாமல் வந்தேனே என்று அன்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் மாவு அரைத்தேன்.

உங்கள் அப்பா உங்களிடமிருந்து எதையும் மறைக்கவில்லை. உங்களை வேற்றாளாக நினைக்கவில்லை. உங்களிடம் சொன்னால் நீங்கள் டாக்டரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டிருப்பீர்கள். அது எனக்குச் சிக்கலாகும் என்பதற்காகத்தான் ஒன்றரை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தார். தயவுசெய்து இன்றைக்கே அவரிடம் பேசுங்கள்.

சாயங்காலம் நடப்பவர் அன்று காலையில் எதற்காக எழுந்து நடந்தார் என்று எல்லோரும் கேட்டோமே. பதினெட்டாம் தேதி காலை ஏழே காலுக்கு அவர் என்னிடம் சொல்ல வந்துகொண்டிருந்தார்.